குழாயில் ஏறிய கரெண்ட்

டோரதி செய்த ரேடியோவுக்கு மின்சாரமே வேண்டாம். முகப்பவுடர் டப்பா ஒன்றின் மேல், எரிந்துபோன மின்விசிறியிலிருந்து உருவிய செம்புக்கம்பியைச் சுற்றியிருந்தாள். அடுப்பில் காட்டி நீலம் பாய்ந்த பழைய பிளேடு ஒன்று, அதன்மேல் ஊக்கின் நுனியில் கட்டிய பென்சில் கரி. கரிமுனை பிளேடில் சரியான புள்ளியைத் தொட்டுவிட்டால், அப்பா ஹென்றி காயலான் கடையில் வாங்கிவந்த டெலிபோன் ரிசீவருக்குள் யாரோ பாடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு காதுக்குத்தான் கேட்கும். அவளுக்கு அது போதும். கண்ணை மூடினால் ராயபுரம் இல்லை, மீன் நாற்றம் இல்லை.

அதற்கு இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன. ஒன்று மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்துக் கட்டியது. மற்றொன்று பூமியைத் தொட வேண்டும். அதை முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவைத்தாள். எட்டுக் குடித்தனத்துக்கு அது ஒன்றுதான் குழாய்.

முதல் வாரம் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து மாறி மாறிக் காதில் வைத்துக் கேட்டார்கள். முன்னறையில் இருந்த லோகநாதன் மட்டும் வரவில்லை. அவன் எலக்ட்ரிக் வயர்மேன். டோரதி ஒருமுறை அவனிடம் சந்தேகம் கேட்கப் போனபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று சிரித்து அனுப்பியவன்.

இரண்டாம் வாரம் பச்சையம்மாவின் குழந்தைக்கு வாந்திபேதி கண்டது. குழாயில் புதிதாக என்ன வந்தது என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், கம்பி வழியாகத் தண்ணீரில் கரெண்ட் ஏறிவிட்டது என்றாகிவிட்டது. டோரதி குழாய்க்கம்பியின் முனையை எடுத்து எல்லோர் முன்னாலும் நாக்கில் வைத்துக் காட்டினாள்.

"உங்கம்பி உன்ன இன்னாடி பண்ணும்?" என்றாள் பச்சையம்மா. "எம்புள்ளைய தானே பண்ணும்."

வீட்டுக்காரி சிலுவையம்மாள் தீர்ப்புச் சொன்னாள். கரெண்ட்டோடு புழங்குகிறவன் லோகநாதன். அவன் பார்த்து, கரெண்ட் இல்லை என்றால் கம்பி இருக்கட்டும். டோரதிக்கு உயிர் வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியாமலா போகும்.

லோகநாதன் நடுவில் பல்பு கோத்த நீண்ட வயர் ஒன்றைக் கொண்டுவந்தான். வயரின் ஒரு முனையைத் தன் அறையின் பிளக்கில் சொருகினான். மறுமுனையைக் குழாயில் வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"அது உங்க பிளக்குலேந்து வர்ற கரெண்ட்டுண்ணே," என்றாள் டோரதி. "மண்ணுல பொதைச்ச எந்த இரும்புல வச்சாலும் எரியும். எங்கம்பிய எடுத்துட்டு வச்சுப் பாருங்க."

அவன் பொறுமையாகக் கம்பியை அவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தான். பல்பு எரிந்தது.

"பாத்தியா? ஏறிக்கினு கீது. எறங்க ரெண்டு நாளாவும்."

முற்றத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவன் அவளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான்.

இரண்டு நாள் எட்டுக் குடித்தனமும் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் இறைத்து, குடத்துக்கு ஒரு வசவாக அவளை வைதது. மூன்றாம் நாள் லோகநாதன் பிளக்கில் சொருகாமலே பல்பைக் குழாயில் காட்டினான். எரியவில்லை. எல்லோரும் அவனை வாழ்த்தினார்கள். ஹென்றி வீட்டுக் குடம் மட்டும் இனி அந்தக் குழாயடிக்கு வரக்கூடாது என்றாள் சிலுவையம்மாள். ஹென்றி மகளை அறைந்துவிட்டு, ரேடியோவைத் தன் கையாலேயே கொண்டுபோய், பத்திரமாகக் கழித்துவிடச் சொல்லி லோகநாதனிடம் கொடுத்தார்.

அவன் கழிக்கவில்லை. தன் ஜன்னலோரம் தரையில் இரும்புக்கம்பி ஒன்றை அடித்து, அதிலும் மொட்டைமாடிக் கம்பியிலும் ரேடியோவை இணைத்தான். கரெண்ட் ஏறாத மாதிரி வயர்மேன் மாற்றிவிட்டார் என்று பேச்சு பரவியது. ஆனால் பிளேடில் அந்தப் புள்ளி எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பிய ஹென்றியிடம் சொன்னான்.

"உம்பொண்ண சாயங்காலம் வந்து ஊசிய வச்சிட்டுப் போச்சொல்லு. கொழா விஷயத்த நான் சிலுவையம்மா கைல பேசறேன்."

மறுநாளே அவர்கள் குடம் குழாயடிக்குத் திரும்பியது. அன்றிலிருந்து தினமும் மாலையில் டோரதி முன்னறைக்குப் போவாள். ரிசீவரைக் காதில் வைத்து, கரிமுனையை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவாள். பாட்டு கேட்டதும் ரிசீவரை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவனிடமிருந்து அதை முதலில் வாங்கிக் காதில் வைப்பவள் பச்சையம்மா. குழந்தை தேறிவிட்டிருந்தது.

சில நாளில் டோரதி ஒன்று கற்றுக்கொண்டாள். புள்ளி கிடைத்த பிறகும் கிடைக்காதவள்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, விரலை அசைப்பதுபோல் அசைக்காமல், ஒரு பாட்டின் பாதிவரை கேட்டுவிடலாம். ஒருநாள் முழுப்பாட்டே கேட்டாள்.

அடுத்த நாள் வீணை வாசித்தார்கள். அவளுக்குத் தெரியாமலே அவள் கால்பெருவிரல் தரையில் தாளம் போட்டது. லோகநாதன் குனிந்து அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ரிசீவருக்காகக் கையை நீட்டினான்.