மூன்று கெண்டைக் கேடயம்

சண்டை முடிந்த மறுநாள் பக்கத்துப் பண்ணைக்கார ஹ்ரோன் குதிரையில் வந்து இறங்கினான். வாசலிலேயே நின்றுகொண்டு தயங்கினான்.

"மாமா, சண்டையில நம்ம பக்கம்தான் ஜெயம். ஆனா உங்க மகன் ராட்செக் வெறுங்கையோட பின்னால ஓடினத நான் பாத்தேன். உங்க குலக் கேடயம் போர்வண்டிக்கடியில சேத்துல கிடக்கு."

மிரோட்டா குதிரைக்குச் சேணம் போடச் சொன்னார்.

மூன்று கெண்டை மீன் எழுதிய அந்தக் கேடயம், அவருடைய பாட்டன் காலம் முதல், போருக்குப் போனவன் கையில் திரும்பி வந்திருக்கிறது; அல்லது போனவன் உடல்மேல் கிடந்து வந்திருக்கிறது. சேற்றில் கிடந்ததில்லை. ஹ்ரோன் சொன்னது மெய்யானால் ராட்செக்குக்கு வீட்டில் இடமில்லை. ஒரே மகன். வழியெல்லாம் அவர் 'உனக்கு வீட்டில் இடமில்லை' என்ற வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனார். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நிறுத்தினார்.

குன்றின்மேல் போர்வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் சங்கிலியால் பிணைத்து வட்டமாக நின்றன. மேலே கிண்ணம் எழுதிய படைக்கொடி. குதிரைகள் நடுவில் கட்டிக் கிடந்தன. நான்காவது வண்டியின் அடியில் கெண்டை மீன்கள் தெரிந்தன. ஒரு மீனுக்குக் கண்ணில் அம்பு.

அருகே ஒருத்தி பட்டாணிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பெயர் மாக்னா. துப்பாக்கி மருந்து அப்பி முகம் கருத்திருந்தது.

"யாரு வேணும் அண்ணே?"

"நான் உனக்கு அண்ணன் இல்ல. லோமெட்ஸ் மிரோட்டா."

"இருந்துட்டுப் போங்க. சங்கிலிக்கு உள்ள வந்துட்டா எல்லாரும் அண்ணன் தம்பிதான். எஜமானா இருக்கணும்னா வெளிய போயி இருங்க."

மிரோட்டாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. கைப்பிரம்பால் வண்டியின் அடியைக் காட்டினார்.

"இத இங்க யாரு எறிஞ்சது?"

"எறியிறதா? ஒரு தடவ இழுத்துப் பாருங்க."

அவர் குனிந்து இழுத்தார். அசையவில்லை. கேடயம் தரையில் அரையடி இறங்கி, மேலே வண்டிச் சட்டத்தோடு முட்டி நின்றது. பக்கத்து வண்டிகளின் அடியில் அதே இடத்தில் பலகைகள் தொங்கின.

"அடியில பலகை தொங்கலன்னா எதிரிப் பயலுங்க ஊர்ந்து உள்ள வந்துருவானுங்க," என்றாள் மாக்னா. "நேத்து எங்க பலகைய கோடாலி போட்டு ஒடைச்சுட்டானுங்க. ரெண்டு தல உள்ள நீட்டியாச்சு. உங்க புள்ளதான் கேடயத்தக் குத்தி நிறுத்தி ஏறி மிதிச்சான். அப்புறம் கையில ஒண்ணுமில்ல. ஓடிப் போயி கதிரடிக்கிற தடிய எடுத்தாந்தான்."

"ஓடினான்னு..."

"ஓடினான்தான். திரும்பி வந்ததச் சொன்னவன் சொல்லலியா? நடுவுல குதிரையில உக்காந்து காத்துக்கிட்டிருந்தவனா இருப்பான். அவனத் தாண்டி ஓடுற முதுகு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

மிரோட்டா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் சுமந்து வந்த வாக்கியம் எங்கோ விழுந்துவிட்டது. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. புகை என்று வைத்துக்கொண்டார்.

"எங்க இருக்கான்?"

வண்டிக்குப் பின்னால் ராட்செக் இரண்டு கைகளையும் வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நெற்றியில் முட்டையளவு வீக்கம். தந்தையைக் கண்டதும் எழுந்தான்.

"அப்பா! கேடயத்த விட்டுட்டேன்..."

"பாத்தேன். நெத்தியில அடிச்சது எவன்?"

ராட்செக் தலை குனிந்தான். மாக்னா கரண்டியோடு சிரித்தாள்.

"அவனேதான். தடிய முதல்ல ஓங்கினதும் அதோட நுனியில தொங்குற கட்டை சுத்தி வந்து அவன் மண்டையிலயே போட்டுச்சு. ஒரு அறுவடைக்குக் களத்துல நின்னிருந்தா தெரியும். ரெண்டாவதுல இருந்து நல்லாத்தான் அடிச்சான்."

லோமெட்ஸ் குலத்தில் உழவனின் தடியை எடுத்தவன் இவன்தான் முதல். மிரோட்டா அந்த வீக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனின் தோளில் கை வைத்தார். எடுக்கவில்லை.

"ஹ்ரோன்கிட்ட நான் பேசிக்கிறேன். எல்லார் முன்னாலயும் பேசுவேன். ஆனா இந்த நெத்தியப் பத்தி நாமளா வாயத் திறக்க வேண்டாம். எவனாவது நேரா கேட்டா உண்மையச் சொல்லு."

"சரிப்பா. கேடயத்தத் தோண்டி எடுத்துத் தரட்டுமா?"

"புதுப் பலகை வர்ற வரைக்கும் நிக்கட்டும்."

மாக்னா ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டினாள். "சாப்பிடுங்க அண்ணே."

உப்புக் குறைவாக இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தார்.