துண்டிக்கும் பொத்தான்

…ஒரே ஒரு தடவைதான், அதுவும் தப்பான பாஸ்வேர்ட், யாராவது தூக்கக் கலக்கத்தில் தட்டியிருப்பார்கள் என்று பல் மருத்துவரின் வரியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனால் மீன் பண்ணையிலும் ஒரே ஒரு தடவை, தேவாலய அலுவலகத்தில் ஒரு தடவை, பனிச்சறுக்குச் சாமான் கடையில், ஜூலையில் அந்தக் கடையில் யார் உட்கார்ந்து தட்டுகிறார்கள், அங்கேயும் ஒரு தடவை… தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, சேர்த்துப் பார்த்தால் ஒருவன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவின் கைப்பிடியை ஒரே முறை அழுத்திப் பார்த்துவிட்டு நகர்கிற மாதிரி. நாங்கள் கணினிக் காவல் பார்க்கும் நாற்பத்து மூன்று வாடிக்கையாளர்கள், முப்பத்தொரு இடத்தில் கைப்பிடி அசைந்திருக்கிறது. போன வருடம் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் திரை, பல் மருத்துவரைப் பார்த்து முடித்து மீன் பண்ணைக்குப் போவதற்குள் எனக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், இது கண்ணிலேயே பட்டிருக்காது. எல்லோரையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று என் முதலாளி ஹென்னிங் சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான்தான், ஒரே திரை என்றால் ஒரே தப்பில் எல்லோரும் போவார்கள் என்றேன். சொன்னது பலித்தது. பலிக்க வைத்ததும் நானேதான்.

பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை, வெளியே பாதி மழையும் பாதிப் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது, வாயில் பாதி மென்ற கேரட், வானொலியில் மீன்பிடிப் படகுகளுக்கான காற்று எச்சரிக்கை… பல் மருத்துவரின் ஒரு கணினியை மட்டும் இணைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும், திரையின் மேல்மூலையில் வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அனைவரும்’ என்று இருந்ததைப் பார்க்காமல் அழுத்தினேன். பொத்தான் உள்ளே போன அந்த மெல்லிய சத்தம்கூட இன்னும் காதில் இருக்கிறது. முப்பத்தெட்டு நிமிடம் நாற்பத்து மூன்று பேரும் இருட்டில். பண்ணையில் மீன்களுக்குத் தீனி விழவில்லை, தேவாலயத்தில் ஒரு சவ அடக்கத்துக்கான பாட்டுத்தாள் அச்சாகவில்லை, முதியவர்களின் வீடுகளுக்குப் போகிற செவிலியர்கள் யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் படியில் நின்றார்கள். யாரும் திட்டவில்லை, இந்த ஊரில் திட்ட மாட்டார்கள், ‘அப்படியா’ என்பார்கள், அந்த ‘அப்படியா’வுக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது, ஒரு வாடிக்கையாளரை முழுதாகத் துண்டிப்பதென்றால் இரண்டு பேர் சரி சொல்ல வேண்டும். என் பெயரைப் போடாமல் எனக்காகவே எழுதிய விதி.

இப்போது மணி பதினொன்று நாற்பத்தாறு, முப்பது கைப்பிடிகள் அசைந்து நின்றுவிட்டன, ஒன்று திறந்துவிட்டது. எதுவென்றால்… வேறு எதுவாகவும் இருந்திருக்கக் கூடாதா, வீட்டுப் பராமரிப்பு மையம், அதே செவிலியர்கள். அஸ்பியோர்ன் பெயரில் நுழைந்திருக்கிறார்கள், அங்கே பணிநேரப் பட்டியல் போடுகிறவர். அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன், உடனே தானியங்கிப் பதில் வந்தது: ஆகஸ்ட் ஐந்து வரை மலைக்குடிலில் இருக்கிறேன், அங்கே மின்சாரமும் இல்லை சிக்னலும் இல்லை, அவசரம் என்றால் ரக்னாவைக் கூப்பிடவும், அவசரம் இல்லை என்றால் நீங்களும் எங்காவது போகவும். ஜூலை வந்தால் நார்வே முழுவதும் இப்படித்தான், இன்ன தேதி வரை வீட்டில் இல்லை என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்புகிற ஜனங்கள் நாங்கள். மின்சாரமில்லாத குடிலில் இருக்கிறவர் பதினொன்று முப்பத்தேழுக்கு எப்படி உள்ளே வந்தார், வந்தவர் ஏன் தனக்கு இன்னொரு கணக்கைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டார், இப்போது ஏன் மருந்துப் பட்டியல்கள் இருக்கிற கோப்புப் பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறார்?

அஸ்பியோர்னின் கணக்கை மட்டும் மூடினால் போதாது, வேறு எந்தச் சந்தில் ஒளிந்திருக்கிறான் என்று தெரியாது, மையத்தையே முழுதாகத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் பன்னிரண்டு மணிக்கு இன்சுலின் போடப் போகிறவர்கள் மறுபடியும் படியில் நிற்பார்கள். துண்டிக்காவிட்டால் பட்டியலையே பூட்டிவிடுவான், அல்லது அளவுகளை மாற்றி… இல்லை, அதை நினைக்காதே. மைய மேலாளர் ரக்னாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். ஹென்னிங்கைக் கூப்பிட்டேன், அவன் மனைவி எடுத்து, “போன் சமையல்கட்டுல கிடக்கு, ஆளு படகுல கிடக்கிறாரு, சொல்லணுமா?” என்றாள். கரையில் நின்று கத்தவா முடியும். ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருக்கிறது, பசி இல்லை, பயம்தான், வேறென்ன. விதி என்றால் விதி, இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை, நான் காத்திருந்தேன் என்று நாளைக்குச் சொல்லலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ‘அப்படியா’ என்பார்கள். என் ஐந்து மாதப் பயத்துக்கு எவரோ ஒரு கிழவரின் இன்சுலினா விலை? அவன் இரண்டாவது பெட்டியைத் திறந்துவிட்டான், மேல்மூலையில் என்ன பெயர் இருக்கிறது, படி, சத்தமாகப் படி, இன்னொரு முறை…

மையத்தின் பெயருக்கு எதிரே ‘துண்டிக்கப்பட்டது’. மற்ற நாற்பத்திரண்டும் பச்சை. இரண்டு முறை எண்ணினேன், மூன்றாவது முறை எண்ணும்போது ரக்னா கூப்பிட்டாள்.

“ஏம்மா தோருன், மறுபடியும் நீதானா?”

“நான்தான். இந்தத் தடவ தெரிஞ்சே செஞ்சேன். உள்ள ஒருத்தன் பூந்துட்டான். உங்க பொண்ணுங்க எங்க நிக்கிறாங்க? பட்டியல் இல்லாம…”

“ஏன் இல்லாம? பிப்ரவரியில நீ பண்ணின கூத்துக்கு அப்புறம் தினம் காலையில காகிதத்துல அடிச்சு ஆளுக்கொண்ணா பையில போட்டுத்தான் அனுப்புறேன். ஊசியெல்லாம் நேரத்துக்குப் போயிடும், நீ உன் திருடனைப் பாரு. ஆமா, எப்படி பூந்தான்?”

அஸ்பியோர்னின் பாஸ்வேர்ட் ‘கோடை’ என்ற சொல்லும் இந்த வருடத்தின் எண்ணும்தான், அந்த ஒன்றைத்தான் எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்திருக்கிறான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் காரை ஓரங்கட்டி நிறுத்துகிற சத்தம்.

“ரக்னா?”

“என்னுதும் அதான்,” என்றாள், பிறகு இருவரும் சிரித்தோம், எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன். மற்ற முப்பது இடங்களிலும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும், முதலில் பாதிரியார், அவர் போன வாரம் பேச ஆரம்பித்தால் இந்த வாரம் முடிக்கிற ஆள்…

அதற்குள் ஹென்னிங், கரைக்கு வந்து போனை எடுத்திருக்கிறான். “கானாங்கெளுத்தி பன்னெண்டு மாட்டுச்சு! ஏய், நீ கூப்பிட்டியாமே? என்ன ஆச்சு?” நடந்ததைச் சொன்னேன். “அப்ப யாருமே சரி சொல்லலையா?”

“இல்ல.”

“நீயா அழுத்துன.” அதட்டலா, ஆச்சரியமா என்று தெரியவில்லை. “நல்லா செஞ்ச. விதியை நான் திங்கக்கிழமை பார்த்துக்கிறேன். சொல்லு, அழுத்துறப்ப கை நடுங்குச்சா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எப்போது அழுத்தினேன்? பெயரைப் படித்தது நினைவிருக்கிறது, துண்டிக்கப்பட்டது என்று பார்த்தது நினைவிருக்கிறது, நடுவில்… எந்த விரல், மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேனா, சத்தம் கேட்டதா, ஒன்றுமே இல்லை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை, துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. தப்பாக அழுத்தியது மட்டும் கேரட்டோடும் காற்று எச்சரிக்கையோடும் அப்படியே இருக்கிறதே. சரியாக அழுத்தியது மனதில் நிற்காதா? நிற்காது என்றால், பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனே, இப்படி எனக்கே தெரியாமல் எத்தனை தடவை சரியாக அழுத்தியிருப்பேன்…

“தோருன்? இருக்கியா?”

“இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்,” என்றேன்.