இடப்பக்கச் சுற்று

தங்கையின் கல்யாண வரவேற்பில் எனக்கு முதல் வரிசை நாற்காலி. வலது காலில் மாவுக்கட்டு. பத்து நாள் முன்னால் என் தையல் கடைப் படியில் வழுக்கி விழுந்தேன். காலோடு சேர்த்து என் இடமும் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், வரவேற்பில் நானும் தங்கை குட்டியும் ஜோடியாக ஆடுவோம். பதினாறு வருஷமாக அதே பாட்டு, அதே ஆட்டம். சொந்தக்காரர்கள் சலித்துக்கொண்டே கைதட்டுவார்கள். இன்று மேடையில் குட்டியோடு நிற்பது அவளுடைய நாத்தனார், நெட்டச்சி. பெயர் நான் வைத்ததுதான்.

"அக்கா, உன் இடத்துல அவளை நிறுத்திக்கவா?" என்று குட்டி கேட்டபோது, "தாராளமா" என்றேன். எனக்குத் தைத்து வைத்திருந்த பாவாடையை நானே உட்கார்ந்து அந்த நெட்டச்சி உயரத்துக்குக் கரை இறக்கினேன். ஒவ்வொரு தையலுக்கும் வயிறு எரிந்தது.

ஒரே ஓர் ஆறுதல், கடைசிச் சுற்று. அந்தப் பாட்டின் வீடியோவில் எல்லோரும் வலப்பக்கம்தான் சுற்றுவார்கள். ஒன்பது வயதில், முதல் தடவை ஆடியபோது, நான் தவறி இடப்பக்கம் சுற்றிவிட்டேன். என் மானம் போகக்கூடாதென்று ஆறு வயதுக் குட்டியும் சட்டென்று என்னோடு சுற்றினாள். அன்றிலிருந்து எங்களுக்கு இடப்பக்கம்தான். நெட்டச்சி வீடியோ பார்த்துத்தானே பழகியிருப்பாள்? குட்டி பழக்கதோஷத்தில் இடப்பக்கம் வருவாள். இரண்டு பேரும் நங்கென்று முட்டிக்கொள்வார்கள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. முட்டட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசிச் சுற்று வந்தது. இருவரும் ஒன்றாக இடப்பக்கம் சுற்றினார்கள். பாவாடைகள் இரண்டும் ஒரே சமயத்தில் விரிந்து அடங்கின. மண்டபமே விசிலடித்தது.

என் தப்பைக்கூடத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டாளே, பாவி!

நெட்டச்சி மூச்சிரைக்க இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கடைசிச் சுத்து வலப்பக்கம்தானேன்னு எவ்வளவோ சொன்னேன். அண்ணி கேக்கவே இல்ல. 'எங்கக்கா இப்படித்தான் சுத்துவா, இதுதான் சரி'ன்னு ஒரே பிடிவாதம். நான் சரியா பண்ணேனாக்கா?"

மேடையில் மாப்பிள்ளை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குட்டி அதைக் காதில் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நெட்டச்சி பக்கம் திரும்பினேன்.

"அரை நொடி லேட்டு" என்றேன்.

பொய். அவள் என்னைவிட நன்றாகவே சுற்றினாள்.