பச்சை மாப்பிள்ளை

1

உயிரியல் பூங்காவுக்கு மரத்தவளை பார்க்கப் போய், இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அந்த எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத இந்தத் தவளைப் பேரினத்தில் எல்லா வகையும் பச்சை. பகலெல்லாம் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு தூங்கும். டிக்கெட் வாங்கியவன் தலையெழுத்து.

2

முதலில் எழுதியது: ‘மழைக்காட்டின் மரகதத் துளிகளே, உங்கள்...’ (அடித்துவிட்டேன். எனக்கே கூசியது.)

தவளைப் பெட்டியைப் பராமரிப்பவளிடமிருந்து தொடங்குகிறேன். “கண்ணுக்கே தெரியாத தவளைக்கு எதுக்கும்மா கண்ணாடிப் பெட்டி? அடுத்த மாசம் ஓணானை விட்டுடலாம்” என்றார் மேலாளர். தவளைகள் எங்கே போகும் என்று சொல்லவில்லை. தலைப்பிரட்டையிலிருந்து வளர்த்தவள் அவள்.

பூங்கா வாசலில் பொம்மைக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணிதான் வழி சொன்னாள்.

“இந்தா, பிளாஸ்டிக் தவளை. இலை மேல வை. எவன் தொட்டுப் பார்க்கப் போறான்?”

“பொய்யில்லையா அண்ணி?”

“நீ வாயைத் திறந்தாத்தானே பொய்.”

3

பொம்மையை இலை மேல் வைத்தாள். கூட்டம் அலைமோதியது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். இதோடு நிறுத்தியிருக்கலாம். (என் கை சும்மா இருந்தால்தானே.)

நிஜ ஆண் தவளை ஒன்று இறங்கிவந்து, பொம்மையின் முதுகில் ஏறி இறுகக் கட்டிக்கொண்டது. ஆண் தவளைகளின் வழக்கம் அது; பெண் முட்டையிடும்வரை பிடியை விடாது. பிளாஸ்டிக் என்றைக்கு முட்டையிடும்?

மேலாளர் ‘காதல் ஜோடி’ என்று பலகையே வைத்துவிட்டார்.

“பாவம்டி, உங்கண்ணன் மாதிரியே இருக்கு” என்றாள் அண்ணி.

தவளையை வளர்த்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தவளை இரையைத் தொடவே இல்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பிரித்தால் அது ஓடி ஒளியும், மற்றது பொம்மை என்று மேலாளருக்குத் தெரிந்துவிடும், பெட்டி ஓணானுக்குப் போகும். விட்டால் பட்டினியில் செத்துப்போகும். அவள் தவித்தாள்.

4

முடிவுகள்: நிஜப் பெண் தவளை ஒன்று மெல்ல எட்டிப்பார்த்து... (சினிமா.) மேலாளர் மனம் மாறி... (அவரை எனக்குத் தெரியும்.)

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. அத்தனை பேர் நடுவே பெட்டியைத் திறந்து கையை விட்டுவிட்டாள்.

“என்னம்மா, நல்லா இருக்கிற ஜோடியை எதுக்குப் பிரிக்கிறே?” பின்னால் மேலாளரின் குரல்.

“சார், அது வந்து...”

மீதியை நீங்கள் எழுதுங்கள். உண்மையைச் சொல்வதோ மழுப்புவதோ உங்கள் பாடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசியுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பிடியை மட்டும் பிரித்துவிடுங்கள். அது சாப்பிட்டு நாளாகிறது.