பதினோராம் படியின் கீல்

தச்சருக்கு யார்மேலும் கோபம் கிடையாது. அப்படித்தான் அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு வருஷமாக அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லையே என்று கேட்டால், "வேலை தலைக்கு மேல கெடக்கு" என்பார். அவர் செய்து கொடுத்த அலமாரியை, "கதவைத் தொறந்தா தெருவே முழிச்சுக்குது" என்று அக்கா புருஷன் நாலு பேர் நடுவில் கிண்டலடித்ததை அவர் அன்றைக்கே மறந்துவிட்டாராம். நம்பினால் நம்புங்கள்.

அக்கா புருஷன் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சமணப் பாடம் எடுப்பவர். முக்திக்குப் போகும் பதினான்கு குணஸ்தானங்களை, அதாவது ஆன்மா ஏறும் படிநிலைகளைக் காட்ட ஒரு சின்ன மரப்படிக்கட்டு வேண்டும், அதை நீயே செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்று அக்கா வந்து நின்றாள். தம்பியை வீட்டுக்கு வரவழைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தச்சர் பாடப் புத்தகத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் உளியை எடுத்தார்.

படிக்கட்டு வந்து சேர்ந்ததும் வாத்தியார் ஒரு மரப்பொம்மையைப் படிப்படியாக ஏற்றினார். பதினோராவது படியில் வைத்தாரோ இல்லையோ, பலகை சாய்ந்து பொம்மை அடிப்படிக்கே உருண்டது.

"என்ன மாப்ளே, இது அந்த அலமாரியோட தம்பியா?"

"வேணும்னேதான் அந்தப் படிக்குக் கீல் வெச்சேன் மாமா!" தச்சர் குரல் கூரையைத் தொட்டது. "ஆசை கோவத்தையெல்லாம் வேரோட பிடுங்கினவன் பத்துலேர்ந்து நேரா பன்னெண்டுக்குப் போயிடுவான். அமுக்கி மட்டும் வெச்சவன்தான் பதினொண்ணுல நிப்பான். அமுக்கினது கிளம்பும், அவன் விழுந்தே தீரணும். உங்க புத்தகத்துலதான் போட்டிருக்கு! நாலு பேர் நடுவுல என் மானத்தை வாங்கினீங்களே, ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கமில்ல, தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பாடா! சண்டை போடறவனைச் சமாதானம் பண்ணலாம். கோவமே இல்லைங்கறவனை நான் என்னடா பண்றது?"

வாத்தியார் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் மாப்ளே. அன்னைக்கே எனக்கு உறைச்சுது. நான் போய் மன்னிப்பு கேக்கறதான்னு கௌரவம் பாத்துட்டேன்."

தச்சர் கீழே கிடந்த பொம்மையைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்போ முதல் படியில உங்க பக்கத்துல எனக்கும் கொஞ்சம் எடம் விடுங்க மாமா."