பின் இருக்கை

சாசேஜ் ரோல் தட்டை மேசைமேல் வைக்கவில்லை, போட்டாள் ட்ரூடி. இரண்டு ரோல்கள் உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தன. குனிந்து எடுத்து, ஒரு ஊது ஊதி, மறுபடி தட்டிலேயே வைத்தாள். தின்னட்டும்.

"பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டே போயிட்டார்மா உங்கப்பா. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு?" என்றாள் தபால் ஆபீஸ் கிளெனிஸ். கல்லறையிலிருந்து திரும்பியது முதல் வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் ஒண்ணும் செய்யல, கிளெனிஸ். நான்தான் ஓட்டினேன். அவர் பின்னாடி சும்மா உக்காந்திருந்தார்."

கிளெனிஸ் ஒரு லாமிங்டன் கேக்கை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

ஊர் கிளப்பில் நல்ல ஹால் இருந்தது, ஹீட்டரும் இருந்தது. ஆனால் அப்பா லயல் ஹென்னஸிக்குக் கடைசி பீர் இந்த விமானக் கொட்டகையில்தான் என்று பறக்கும் கூட்டம் அடம்பிடித்தது. டிரைக் என்ற குட்டி விமானங்களை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே எலும்புக்கூடு. முக்கோணத் துணி இறக்கை, அதன் கீழே தொங்கும் மூன்று சக்கர வண்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு, முதுகுக்குப் பின்னால் என்ஜின். ஒன்றுக்கு முன்பக்கம் மூக்கு மூடி உண்டு. இன்னொன்றுக்கு வயற்காட்டில் இறங்கத் தோதாகக் கொழுத்த சக்கரம். மூத்தது அப்பாவுடையது, அலங்காரம் எதுவும் இல்லாதது. போலீஸ் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டிவிட்டுப் போயிருந்தது.

பீப்பாய்ப் பக்கம் சிரிப்பு எழுந்தது. மெர்வ் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மெர்வ் அப்பாவின் கூட்டாளி, இங்கே நடக்கும் பறக்கும் பள்ளியின் இன்னொரு வாத்தியார்.

"முன்னால நீ ஓட்டிக்கிட்டிருப்ப. இவன் பின்னால கமுக்கமா ஒரு பக்கம் சாஞ்சிருவான். வண்டி அந்தப் பக்கமா இழுக்கும். நீ காத்துன்னு நெனச்சுத் திருப்புற கம்பியோட மல்லுக்கட்டுவ. கீழ இறங்கினதும் கேப்பான் பாரு, 'ஏண்டா, கம்பியைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா?'ன்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அந்தச் சாய்வோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

"அன்னிக்கும் சாஞ்சார்" என்றாள் ட்ரூடி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் சிரிப்பு அறுந்தது.

"இறங்கத் திரும்பினப்போ வலது பக்கம் இழுத்துச்சு. அவர் வேலைதான்னு நெனச்சேன். 'ஒழுங்கா உக்காருய்யா கிழவா'ன்னு திட்டினேன். பதில் இல்ல. தரை வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். பூ மாதிரி இறக்கினேன். அப்பவும் வாயைத் திறக்கல. போய்யா நீயும் உன் பாடமும்னு ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு டீ போடப் போயிட்டேன்." மெர்வைப் பார்த்தாள். "நீங்கதானே போய்ப் பாத்தீங்க. சொல்லுங்களேன், அதுவும் சிரிப்பாத்தான் இருக்கும்."

மெர்வ் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார். "புள்ள, எனக்கு..."

அவள் நிற்கவில்லை. கொட்டகையின் மூலையில் தடுத்த சின்ன அடுக்களைக்குள் போனாள். அம்மா நோரீன் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கழுவிக்கொண்டேதான் இருக்கிறாள். கழுவின கப்பையே மறுபடி கழுவுகிறாளோ என்று ட்ரூடிக்குச் சந்தேகம்.

"அம்மா, அவருக்கு நெஞ்சுல கோளாறுன்னு உனக்குத் தெரியுமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பாமலே பேசினாள்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். இனிமே பறக்கக் கூடாதுன்னு."

"இப்போ மே மாசம்."

"தெரியும்டீ."

"தெரிஞ்சுதான் வாராவாரம் அவரை என் பின்னால ஏத்தி அனுப்பினியா?"

அம்மா குழாயை மூடினாள். "முன் சீட்டுல உக்காரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். தனியாவும் போகக் கூடாது, கத்துக்குட்டிகளோடவும் போகக் கூடாதுன்னேன். மத்த ஆளுங்களையெல்லாம் மெர்வ்கிட்ட தள்ளிட்டாரே, கவனிக்கலியா? உன்கூட மட்டும்தான் போனார்."

"நானும் கத்துக்குட்டிதான்!"

"நீ கத்துக்குட்டி இல்ல." அம்மா ஈரக் கையைக் கறுப்பு உடைமேல் கட்டிய ஏப்ரனில் துடைத்தாள். "'எனக்கு ஏதாவது ஆனாலும் அவ இறக்கிடுவா, நோரீன், கவலைப்படாதே'ன்னார். பிப்ரவரியிலயே உன்னைத் தனியா அனுப்பியிருக்கணும்னு அவரே சொன்னார்."

ட்ரூடி கப்பு துடைக்கும் துணியை எடுத்து இறுக்கிப் பிடித்தாள். பிப்ரவரி. அந்த மாதம்தான் "உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல பட்டனா? தரை எங்க இருக்குன்னே தெரியல உனக்கு" என்று கத்தினார். மார்ச்சில், "உனக்கெல்லாம் இது வராது, தானியக் கிடங்குல லாரிக்கு எடை போடு, போ" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு அழுதாள். ஒவ்வொரு ஞாயிறும் இன்னிக்காவது தனியாக விடுவாரா என்று வருவாள். ஒவ்வொரு ஞாயிறும் "இன்னும் இல்ல." அவர் முழங்கால் இரண்டும் இவள் விலாவில் இடிக்க, ஹெல்மெட் மைக் வழியாகக் காதுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டே ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பசியாறிய முகத்தோடு இறங்குவார். இவளோ தன் கையையே நம்பாதவளாகிப்போனாள்.

"அப்ப ஏன் விடல?" கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நீ தனியாப் போயிட்டா அவருக்கு சீட்டு ஏது?"

"என் முதுகுல சவாரி போயிருக்கார்!" கையிலிருந்த துணியை விட்டெறிந்தாள். அது ஒரு கப்பைத் தட்டி உடைத்தது. "ஒண்ணுமே வராதவன்னு என்னை நம்பவச்சு, என் முதுகுல சவாரி! நீயும் பாத்துக்கிட்டு இருந்திருக்க!"

"நான் என்னைக்கு வெளிய வந்து பாத்தேன்?" என்றாள் அம்மா. அதுவும் நிஜம்தான். என்ஜின் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறவள் அவள்.

ட்ரூடி வெளியே வந்தாள். கூட்டம் வழிவிட்டது. மெர்வ் முன்னால் போய் நின்றாள்.

"நான் தயாரா இருந்தேனா, இல்லையா?"

மெர்வ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நெஞ்சு விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா அனுப்பிவிடுடான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். 'எம் பொண்ணு, எனக்குத் தெரியும்'னான்."

"அப்ப இப்ப அனுப்புங்க."

"இன்னிக்கா? உங்கப்பனைப் புதைச்ச மண்ணு இன்னும் ஷூவுல இருக்கு. கோபமா இருக்கிறப்ப பறக்கக் கூடாது, புள்ள."

"அப்படிப் பாத்தா அவர்கூட ஒரு நாள்கூட நான் பறந்திருக்கக் கூடாது."

யாரோ களுக்கென்று சிரித்து, இருமி மறைத்தார்கள். மெர்வ் சிரிக்கவில்லை. கொட்டகை வாசலில் காற்றடிக்கும் திசை காட்டத் தொங்கவிட்ட துணிப்பையைப் பார்த்தார். அது காற்றில்லாமல் சும்மா தொங்கியது. அப்புறம் தன் கொழுத்த சக்கர டிரைக்கின் மூக்கைப் பிடித்து இழுத்தார்.

"முதல்ல என்கூட ஒரு சுத்து. உன் கையைப் பாக்கணும். எனக்குப் பிடிக்கலைன்னா இறங்கி வீட்டுக்குப் போயிடணும். சரியா?"

கறுப்பு உடைமேலேயே பறக்கும் அங்கியை மாட்டிக்கொண்டாள். மெர்வ் பின்னால் ஏறினார். அவர் முழங்காலும் விலாவில்தான் இடித்தது. ஏறினார்கள், சுற்றினார்கள், இறங்கினார்கள். காதுக்குள் மெர்வ் மூச்சுவிடும் சத்தம் முழுக்கக் கேட்டது. வேண்டுமென்றே உரக்க மூச்சுவிடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஓடுதளத்து முனையில் மெர்வ் இறங்கினார். காலியான சீட்டின் பெல்ட்டை, எதுவும் பறந்து பின்னால் சுழலும் விசிறியில் சிக்காதபடி, இறுக்கிப் பூட்டினார். ஒருதரம் இழுத்தும் பார்த்தார். "பின்னால ஆள் இல்லாத வண்டி. சட்டுனு எழும்பும், இறங்க அடம்பிடிக்கும். அவசரப்படாதே. ஒரே ஒரு சுத்து" என்று தோளைத் தட்டிவிட்டுப் புல்லுக்குப் போய், கையிலிருந்த ரேடியோவைத் தூக்கிக் காட்டினார்.

அவள் ஆக்ஸிலரேட்டரைக் காலால் அழுத்தினாள். வண்டி துள்ளி எழுந்தது. மெர்வ் சொல்லியும், இவ்வளவு சீக்கிரம் தரையை விடும் என்று அவள் நினைக்கவில்லை. புதிதாக விதைத்த கோதுமை நிலங்கள், தானியக் கிடங்கின் தகரக் கூரை, கல்லறையில் குவித்த செம்மண், எல்லாம் கீழே போயின. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பினாள். காதுக்குள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது வண்டி மெர்வ் சொன்னதுபோலவே புல்லுக்குமேல் மிதந்துகொண்டே இருந்தது. காத்திருந்தாள். சக்கரம் தொட்டபோது கண் சரியாகத்தான் இருந்தது, கையும் சரியாகத்தான் இருந்தது. பிப்ரவரியிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. கொட்டகை வாசலில் ஜனங்கள் கை தட்டுவது தெரிந்தது.

அவள் நிறுத்தவில்லை. மறுபடி காலை அழுத்தினாள்.

"ட்ரூடி! ஒரு சுத்துன்னு சொன்னேன்!" ரேடியோவில் மெர்வ் கத்தினார்.

"கேட்டுச்சு" என்றாள்.

கொட்டகைக்குமேல் வந்தபோது குனிந்து பார்த்தாள். அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். கை தட்டுகிறவர்களைக் கடந்து, வேலியைக் கடந்து, யாரும் நிற்காத புல்லில் அதைப் போட்டு, ஓடுதளத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவிய ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ட்ரூடி கையசைக்கவில்லை. இறங்கவும் இல்லை.