திருவாசி கட்டிய மூணு சக்கர வண்டி

ஏரிக்கரை வளைவில் மணல் லாரி என்னை இடித்துத் தள்ளிய மறுநாள், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வண்டில லைட்டு இருந்துச்சா?"

லாரியில் லைட் இருந்ததா, லாரிக்காரனுக்குக் கண் இருந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு நெற்றியில் தையல், முழங்கையில் கட்டு. வாய்க்கால் சேற்று நாற்றம் தலைமுடியை விட்டு இன்னும் போகவில்லை. எழுந்துபோய் ஆளுக்கு ஒரு அறை விடலாம் போல இருந்தது. எழ முடிந்தால்தானே.

இரண்டு வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. கையால் சுற்றி ஓட்டுகிற மூணு சக்கர வண்டிதான் எனக்குக் கால். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் நடத்துகிறேன். செல்போன் எங்கள் பக்கத்தில் இன்னும் காண்ட்ராக்டர்கள் கையில்தான் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேச வருவார்கள். அந்த நேரத்தில் பூத்தைச் சாத்தினால் பூத் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. அதனால் நான் கிளம்பும்போது நன்றாக இருட்டிவிடும். ஊருக்குப் போக ஏரிக்கரை ரோடு ஒன்றுதான் வழி. பாலாற்று மணலும் அதே ரோட்டில்தான் மெட்ராசுக்குப் போகிறது.

மழைக்கு நனையாமல் இருக்க என் தம்பி தினேஷ்குமார் வண்டிக்குக் கம்பி வளைத்துக் கூடு கட்டி, மேலே தார்ப்பாய் போர்த்தித் தைத்துக் கொடுத்திருந்தான். முன்னால் பார்ப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தார்ப்பாய் கறுப்பு. கும்மிருட்டில், லாரி டயர் உயரம்கூட இல்லாத ஒரு கறுப்புக் கூடு. அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"யக்கா, போதும்" என்றான் தினேஷ். "பூத்துல இனிமே நான் ஒக்காந்துக்கிறேன். நீ வூட்ல நிம்மதியா இரு."

நிம்மதியாம். பூத் கிடைப்பதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று அவனுக்குத் தெரியும். சுவர் ஓரமாகச் சாக்கு விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்றால்கூட யாராவது வரும்வரை காத்துக்கொண்டு இருந்தேன். கல்யாண வீட்டுக்கு எல்லாரும் போவார்கள், என்னை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு. இப்போது நாலு பேர் என்னைத் தேடி வந்து, "மேடம், ஒரு கால் போடணும்" என்கிறார்கள். அதை விட்டுவிட்டு மறுபடி சாக்குக்குப் போகவா?

"டேய், கேட்டுக்கோ" என்றேன். "நான் லைட்டு போட்டுக்கிறேன். அதுக்கப்புறமும் ஒரு லாரி என்ன ஒரசிச்சின்னா, நானே பூத்து சாவிய உன் கைல குடுத்துடறேன். அதுவரைக்கும் வாய மூடிக்கினு இரு."

"பேச்சு மாற மாட்டியே?"

"போடா."

கட்டு பிரித்த அன்றே ஜமீர் கடைக்குப் போனேன். காதர் சவுண்ட் சர்வீஸ் என்று அவன் அப்பா பேரில் நடக்கிற கடை. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா, சந்தனக்கூடு எது நடந்தாலும் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் ஜமீர்தான். நாலாவது வரைக்கும் என்னோடு படித்தவன்.

"சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு செவப்பு லைட்டு போதாதா மலரு?" என்றான்.

"போதாது. ஒத்த லைட்ட பாத்தா சைக்கிளுன்னு நெனச்சி ஒட்டிக்கினு போவான். என் வண்டி எம்மாம் அகலம்னு அவனுக்குத் தெரியணும். எம்மாம் நீளம்னு தெரியணும். உள்ள ஒரு ஆளு கீதுன்னு தெரியணும். என் மூஞ்சி தெரியணும்."

ஜமீர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வண்டியில் ஒரு பைக் பேட்டரிதான் வைக்க முடியும், சாதாரண சீரியல் பல்பு போட்டால் அது ஊரைத் தாண்டும் முன்னால் செத்துவிடும் என்றான். சென்னை ரிச்சி தெருவில் எல்.இ.டி. என்று கடுகுக்குப் பெரிய அண்ணன் மாதிரி ஒரு பல்பு வந்திருக்கிறது, பேட்டரியைக் குடிக்காது, அதில் செய்யலாம் என்றான். அந்த வாரமே போய் வாங்கி வந்தான்.

பூத் வாசலிலேயே வேலை நடந்தது. சிவப்பு பல்புகளை நாலு நாலாகக் கோத்து, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தான். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூப் இருக்கிறதே, அதற்குள் அந்தச் சரத்தை நுழைத்து, இரண்டு முனையையும் மெழுகு ஊற்றி அடைத்தான். இனி மழை பெய்தாலும் கவலை இல்லை. பின்னால் சிவப்பு டியூப், பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. கூட்டுக்குள்ளே என் தலைக்கு மேல் நாலு வெள்ளை பல்பு, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி. பேட்டரியைப் பகலில் பூத்திலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகு ஜமீர் தலையைச் சொறிந்தான். "லாரிக்காரன் ஒக்கார்ற எடம் மேல கீது. இது எல்லாம் கீழ கீது. பக்கத்துல வந்துட்டான்னா பானெட்டு மறைச்சிடும். இன்னும் ஒசரத்துல ஒண்ணு வேணும்."

கடைக்குள் போய் ஒரு இரும்பு வளைவைத் தூக்கி வந்தான். முன்பு ஏதோ வேலைக்குச் செய்து மிச்சம் கிடந்ததாம். அதைக் கூட்டுக்குப் பின்னால் நட்டு வைத்து முடுக்கி, விளிம்பு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பல்பு கட்டினான். அவன் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பல்பு சும்மா எரிந்தால் அவனுக்குக் கை அரிக்கும், ஓடியே ஆக வேண்டும். வளைவின் இரண்டு பக்கமும் கீழிருந்து மேலே வெளிச்சம் ஓடி, உச்சியில் சேர்ந்து ஒரு பூ மாதிரி விரிகிற மாதிரி சர்க்யூட் வைத்துவிட்டான்.

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது ஹேண்டில் மேல் ஓடுகிற நிறங்கள் மட்டும்தான். வெளியே இருந்து பார்த்த ஜமீருக்கு அது வழக்கமான வேலை. அவன் கட்டிக் கொடுத்த எத்தனையோ வண்டியில் அதுவும் ஒன்று. இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

முதல் நாள் கிளம்பினேன். ஆடி வெள்ளி வேறு. பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மா எழுந்து நின்றாள். பைக்கில் போனவன் ஓரம் கட்டினான். பரவாயில்லையே, லைட்டுக்கு மரியாதை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஏரிக்கரை வளைவில் எதிரே லாரி வந்தது. பிரேக்கைப் பிடித்து ஓரமாக நின்றேன். ஆனால் அவன் தூரத்திலேயே வேகம் குறைத்து, முன்விளக்கைத் தணித்து, வண்டியை நிறுத்தியே விட்டான்.

டிரைவர் இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டைக் கடந்து வந்தான். கையில் எலுமிச்சம்பழம். என் முன்சக்கரத்துக்குக் கீழே அதை வைத்துவிட்டு, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டான்.

"தாயே. ரோட்ல ஒரு வெனயும் வராம காப்பாத்தும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜமீர் என் முதுகுக்குப் பின்னால் நட்டு வைத்தது திருவாசி. அம்மன் வீதி உலா வரும்போது சிலைக்குப் பின்னால் நிற்குமே, அந்த வளைவு. அதன் நடுவில், முகத்தில் வெளிச்சத்தோடு நான்.

"யோவ்" என்றேன். "நான் சாமி இல்லய்யா. எஸ்.டி.டி. பூத்து மலர்க்கொடி."

கண்ணைத் திறந்தான். குனிந்து உள்ளே பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான். அவன் முகம் மாறின வேகம் இருக்கிறதே.

"இன்னாமே இது? நொண்டிப் பொம்பள, சாமி மாதிரி லைட்ட கட்டிக்கினு ஊர ஏமாத்திக்கினு கீறியா? லோடு வண்டிய நிறுத்தி இறங்கி வந்தேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்."

"நான் உன்ன கும்பிடச் சொன்னனா? ஏத்தாம போன்னுதான்யா லைட்டு போட்டேன். இதே வளைவுல என்ன வாய்க்கால்ல தள்ளிட்டுப் போனது நீயோ, உன்னாட்டம் இன்னொருத்தனோ. அன்னிக்கு எறங்கனானா? மனுசின்னா ஏத்திட்டுப் போவ, சாமின்னா செருப்ப கழட்டுவியா?"

அவன் எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அதைக்கூட விட மனசு வரவில்லை அவனுக்கு.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் கோயில் தர்மகர்த்தா வேதகிரி மாமா நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். "அம்மாவுக்குப் போடற திருவாசிய உன் வண்டிக்குப் போட்டுக்கினு திரியறியே, ஊருக்கு ஆவுமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தினேஷே ஸ்பேனர் எடுத்துக் கழற்றிக் கொடுத்துவிட்டான். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் கொட்டகையில் சாத்தி வைத்தார்கள்.

ஜமீர் பயந்து போயிருந்தான். "எனக்கு எதுக்கு மலரு இந்த பேஜாரு? நான் வேணும்னு பண்ணல, சத்தியமா. கைப் பழக்கம்."

"தெரியும். எழுத்து கட்டுவ இல்ல? கல்யாண மண்டபத்துல நல்வரவுன்னு கட்டறியே, அதேமாதிரி எனக்கு ஒண்ணு கட்டு."

"இன்னான்னு?"

"ஆள் இருக்கு."

அப்போதே வேலையை ஆரம்பித்தான். வளைவு நின்ற இடத்தில், அதே உயரத்தில் ஒரு பலகை. சிவப்பில் பெரிய எழுத்து. முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். ஓடவில்லை, அணையவில்லை, நின்று எரிந்தது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? எனக்கே அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

அன்று ஏரிக்கரை வளைவில் பின்னால் ஒரு லாரி வந்தது. படித்திருப்பான். படிக்கத் தெரியாதவனாக இருந்தாலும், அத்தனை சிவப்பு தெரியாமல் போகாது. ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். ஒதுங்க எனக்கு இடம் இல்லை, ஓரத்தில் அதே வாய்க்கால். அவன் ஒரு அடிகூட விலகவில்லை. லாரியின் பக்கக் கொக்கி பலகையில் மாட்டி, பிய்த்துக்கொண்டு, வண்டியை ஆட்டிவிட்டுப் போனது. நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதிப் பலகை ரோட்டில் கிடந்தது. மீதியில் 'ஆள்' மட்டும் எரிந்துகொண்டு இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்கு விட்டேன். ஆடித் திருவிழாப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. தினேஷும் இருந்தான். பிய்ந்த பலகையைப் பார்த்ததும் ஓடி வந்தான். எனக்கு அடி இல்லை என்று தெரிந்ததும் கையை நீட்டினான்.

"ஒரசிச்சா இல்லயா? நீதான சொன்ன. சாவிய குடு."

"குடுக்கறேன். மொதல்ல இவர ஒண்ணு கேக்கணும்." இடுப்பில் இருந்த சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "வேதகிரி மாமா, இந்த வருசம் அம்மன் ஊர்வலம் ஏரிக்கர ரோட்ல வரும்ல?"

"வரும். அதுக்கு இன்னா இப்ப?"

"திருவாசிய கழட்டிடுங்க. லைட்ட நிறுத்திடுங்க. ஒரு கறுப்புத் தார்ப்பாய போத்தி, லாரி போற நேரத்துல அம்மாவ தனியா அந்த வளைவுல நிறுத்துங்க. ஒரு லாரிக்காரன் நிறுத்தினான்னா, இந்தச் சாவிய ஏரில போட்டுட்டு வூட்ல ஒக்காந்துக்கிறேன்."

"வாய கழுவுமே!" என்றார் ஒருத்தர்.

"இன்னாத்துக்கு? சாமிக்கே லைட்டு இருந்தாத்தான் நிப்பானுங்க. ஆள் இருக்குன்னு எழுதிப் போட்டேன். ஆளுதானன்னு இடிச்சிட்டுப் போறான். அவனுங்களுக்கு நான் சாமியா இருந்தாத்தான் உயிரோட வூட்டுக்கு வர முடியும்னா, நான் இன்னா பண்ணட்டும்? நீங்க வந்து தெனமும் முன்னாடி நடக்கறீங்களா?"

வேதகிரி மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிய்ந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, மறுக்கவும் வழியில்லை. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"சரி, வச்சிக்கோ. ஆனா ஒண்ணு. திருவாசிக்கு முன்னாடி ஒக்கார்றப்ப கால்ல செருப்பு போட்டுக்கினு ஒக்காரக் கூடாது."

"மாமா" என்றேன். "நான் பொறந்ததுலேர்ந்து செருப்பு போட்டதே இல்ல."

அவர் என் காலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தார் போல. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொட்டகையிலிருந்து வளைவைத் தூக்கி வந்தது தினேஷ்தான். ஸ்பேனர் இல்லாமல் கட்டுக்கம்பியை வைத்தே முறுக்கி முறுக்கிக் கட்டினான். கம்பி குத்தி விரலில் ரத்தம் வந்தது. சாவியைப் பற்றி அவன் பேசவில்லை. நானே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்போது தினமும் திருவாசியோடுதான் வீட்டுக்குப் போகிறேன். வளைவில் லாரிகள் வேகம் குறைக்கின்றன, முன்விளக்கைத் தணிக்கின்றன, ஏரியைத் தாண்டும்வரை பின்னால் பொறுமையாக வருகின்றன. சில டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிடுகிறார்கள். நான் யாரையும் ஆசீர்வதிப்பதில்லை. ஒவ்வொருத்தனையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கையைச் சுற்றுகிறேன். மேலே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு என் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். மந்திரம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை கும்பிடுகிறார்கள்.